தீப்பெட்டியில் உண்ணி

“தாயி, தோட்டத்துல மறுபடியும் சாரைப்பாம்பு. செதிலுக்குள்ள இருந்து பிடுங்குன உண்ணி இது” என்று தீப்பெட்டியை நீட்டினார் சங்கையா.

பாம்பு உண்ணிகளில் என்னென்ன கிருமிகள் இருக்கின்றன என்று ஆராய்பவள் ஜெப ஷீலா. சங்கையா போன் போட்டால் போதும், அருப்புக்கோட்டையிலிருந்து ஸ்கூட்டரில் அவருடைய தோட்டத்து வீட்டுக்கு வந்துவிடுவாள். தீப்பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டுப் பைக்குள் வைத்தாள்.

“பாம்பு எங்கய்யா?”

“அது ஓடிருச்சு. நீ உக்காரு, சோறு ஆறிப்போயிரும்.”

இரண்டு தட்டுகள் ஏற்கெனவே கழுவிக் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தன. மனைவி தங்கலட்சுமி இறந்த பிறகு அங்கே அவருக்குப் பேச்சுத்துணை ஒரு பசுமாடுதான்.

பாதிச் சாப்பாட்டில் ஷீலா மெதுவாகச் சொன்னாள்: “ஐயா, பாம்புல ஒட்டுற உண்ணி வேற, மாட்டுல ஒட்டுறது வேற. நீங்க இதுவரைக்கும் குடுத்தது எல்லாமே மாட்டு உண்ணி.”

சங்கையாவின் கையில் கரண்டி அப்படியே நின்றது.

“எப்பத் தெரிஞ்சுச்சு தாயி?”

“முத நாளே.”

“தெரிஞ்சுமா வந்துக்கிட்டு இருந்த?”

அவள் தட்டிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

“ரூமுக்குப் போனா நானும் தனியாத்தான் சாப்பிடணும். ரசம் ஊத்துங்க.”