நாற்பத்தொன்றாவது பாட்டு

பிற்பகல் வெயில் மேசைமேல் கிடக்கிறது. பழங்குடிப் பாடல்களைச் சேகரிக்க வந்த ஆய்வாளரின் ஒலிப்பதிவுக் கருவியை அந்தக் குடியைச் சேர்ந்த ஒருத்தி சுத்தியலால் அடிக்கிறாள். கண்ணாடி தெறித்தும் அதற்குள்ளிருந்து அவள் குரல்தான் கதறிக்கொண்டிருக்கிறது: போன வாரம் அண்ணன் பிணத்தின்மேல் விழுந்து அவள் அழுத அழுகை. ஆய்வாளர் அதற்கு வைத்திருக்கும் பெயர், நாற்பத்தொன்றாவது பாட்டு. "என் வயித்தெரிச்சல் உனக்குப் பாட்டாய்யா?" இரண்டாம் அடியில் குரல் அறுந்துபோகிறது. மூன்றாவது அடி மேசையைப் பிளக்கிறது. சில்லு கீறிய கன்னத்தில் ரத்தம் வழிய, ஆய்வாளர் ஒரு தாளை நீட்டுகிறார். "அனுமதி வாங்கித்தாம்மா பதிவு பண்ணேன். மொத்தக் குடும்பத்துக்கும் சேர்த்து உங்க அண்ணன் போன மாசமே கையெழுத்து போட்டுக் குடுத்தாரு." ஓங்கிய சுத்தியல் அப்படியே நிற்கிறது. "அண்ணன் செத்ததுக்குத்தான்யா நான் அழுதேன். அதுக்கும் அவனே எழுந்து வந்து கையெழுத்து போட்டானா?"