எண்ணெயில் இரும்புத்தூள்

படகின் அடியில், படகைத் தள்ளும் காத்தாடியைச் சுற்றிக்கொண்ட வலையை அறுக்க, அமலதாசனின் மைத்துனன் ரெக்ஸன் கத்தியோடு கடலில் குதித்திருந்தான். அணைத்தால் லேசில் மறுபடி பிடிக்காத எஞ்சின் என்பதால், அமலதாசன் கியரை மட்டும் எடுத்துவிட்டு அதை ஓடவிட்டபடியே நின்றான். பக்கவாட்டில் வந்து அறைந்த அலையில் கால் வழுக்கியது. விழாமலிருக்கக் கைக்கு அகப்பட்டதைப் பிடித்தான். அகப்பட்டது கியர் லீவர். அடியில் மடாரென்று ஒரு சத்தம். படகு ஒரு தடவை உலுக்கி அடங்கியது.

எஞ்சினை அணைத்தவன் தண்ணீர்ப் பக்கம் திரும்பவேயில்லை. நேராக எஞ்சின் குழிக்குள் இறங்கினான். கியரின் பல் உடைந்திருந்தால் காத்தாடி சுற்றியிருக்காது. சுற்றியிருக்காவிட்டால் ரெக்ஸனுக்கு ஒன்றும் ஆகியிருக்காது.

போன மாதம்தான் மாற்றிய புதுக் கியர் பெட்டி. அது உடைந்திருக்க வேண்டும் மாதாவே என்று நெஞ்சில் சிலுவை போட்டுக்கொண்டு அளவுக்கம்பியை உருவினான். எண்ணெயை விரலில் தொட்டுத் தேய்த்தான். உடைந்த பல்லின் இரும்புத்தூள் எதுவும் நெருடவில்லை. மோந்து பார்த்தான். கருகிய வாடையும் இல்லை.

மேலே யாரோ கடலில் குதிக்கும் சத்தம் கேட்டது. ரெக்ஸன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டிருந்த குரல்கள் ஒவ்வொன்றாக நின்றன. கூட வந்த கில்பர்ட் குழி வாசலில் குனிந்தான்.

"அண்ணே, கியரு போயிருக்கும்லா?"

அமலதாசன் விரலை இடுப்பில் கட்டியிருந்த சாரத்தில் அழுத்தித் துடைத்தான்.

"பாத்துக்கிட்டுதாம்ல இருக்கேன்" என்று சொல்லிவிட்டு, கம்பியை மறுபடியும் எண்ணெய்க்குள் விட்டான்.