கிறிஸ்டினாவுக்கு ஒரு கோச்

"மேனேஜர் வேலைல வழிகாட்ட எனக்குப் போயி கோச்சாம், யாசின்! ஹெட் ஆபீஸ்ல சொல்லிகினு கீறாங்க," என்று பொரிந்தாள் கிறிஸ்டினா. திருவொற்றியூர் கன்டெய்னர் யார்டுக்கே அவள்தான் மேனேஜர்.

பத்து வருடம் கழித்து ராயபுரம் டீக்கடைக்கு அவளை வரச் சொன்ன பழைய சகா யாசின் சிரித்தான்.

"கடைசியா யாராண்ட 'எனக்குத் தெரியல'ன்னு சொன்னே?"

அவள் யோசித்தாள். வேலைக்குச் சேர்ந்த புதிதில், இதே பெஞ்சில், தினமும் இவனிடம்தான் சொல்லி அழுவாள்.

"உன்னாண்டதான். நீ வேலைய வுட்டுப் போனப்புறம் யாராண்டயும் இல்லடா."

"அப்போ கோச் வேணுமா, வேணாமா?"

"வேணும்தான் போல."

"அவங்க அனுப்புன கோச்சே நான்தான். ஆனா வேற ஆளைப் போடச் சொல்லிடப் போறேன்."

"இன்னாத்துக்கு?"

"உனுக்கு நான் தோஸ்தாவே இருந்துக்கறேன்."

கிறிஸ்டினா கண்ணைத் துடைத்துக்கொண்டு இன்னும் இரண்டு டீ சொன்னாள்.