பெட்டி தூக்கிய ஆமை

அதே ஆமை, அதே பெட்டி. அப்புறம் ஏன் எல்லாரும் அவளிடமே போய் நிற்கிறார்கள்?

தங்கை இதை வாய்விட்டுக் கேட்கவில்லை. அஞ்சலட்டை அளவு பிரிண்ட் ஒன்றின் ஓரத்தில் பென்சிலால் எண்ணும் கையெழுத்தும் போட்டாள். அதைக் கண்ணாடித்தாள் உறையில் நுழைத்து, ஏற்கெனவே நேராக இருந்த அடுக்கை இன்னொரு முறை நேராக்கினாள்.

உள்விளையாட்டு அரங்கில் ஞாயிற்றுக்கிழமை ஓவியச் சந்தை. கூடைப்பந்து வளையத்துக்கு இந்தப் பக்கம் இவள் மேசை, அந்தப் பக்கம் ஈர்க்குச்சியின் மேசை. ஓவியக் கல்லூரியில் மூன்று வருடம் இருவரும் ஒரே அறை. அப்போது வைத்த பட்டப்பெயர் இப்போதும் அவள் உடம்புக்குப் பொருந்தியது.

இரண்டு வருடமாக இந்தச் சந்தையில் தங்கைக்கு 'ஆமைக்கா' என்றே பெயர். கையில் பெட்டியோடு எல்லா இடத்துக்கும் தாமதமாக வந்து சேரும் ஓர் ஆமை. பஸ்ஸை விட்ட ஆமை, லிஃப்ட் மூடிய பிறகு வந்து நிற்கும் ஆமை. இன்றுதான் முதல்முறையாக மேசை போட்ட ஈர்க்குச்சி, மூடியிருந்த துணியை விலக்கினால் அங்கேயும் ஆமைகள்.

"உன் கண்ணு முன்னாடியே கடை விரிச்சிருக்கா பாரு! என்ன நெஞ்சழுத்தம்டி இவளுக்கு!" அக்கா பொரிந்தாள். வாரத்தில் ஒரே ஒரு நாள் கிடைக்கும் தூக்கத்தையும் விட்டுவிட்டுத் தங்கையின் மேசைக்குக் காவல் இருப்பவள்.

"மெதுவா பேசுக்கா. காதுல விழும்."

"விழட்டும்! அதுக்குத்தானே பேசறேன்."

எதிர் மேசையில் ஒரு பெண் படத்தைப் பார்த்துவிட்டு வாய்விட்டுச் சிரித்தாள். அந்தச் சத்தம் தங்கைக்கு நகக்கண்ணில் ஊசி ஏறியதுபோல் இருந்தது. இவள் மேசையில் இத்தனை நாளாக எல்லாரும் 'அழகா இருக்கு' என்றுதான் சொல்லியிருக்கிறார்கள். ஒருவர்கூடச் சிரித்ததில்லை. கல்லூரியிலும் அப்படித்தான். ஈர்க்குச்சியின் படங்கள் கண்காட்சிச் சுவருக்குப் போகும், இவள் படத்தைப் பார்த்து ஆசிரியர் "சுத்தமா இருக்கு" என்பார்.

"எனக்கு ஒண்ணு இப்பவே வரைஞ்சு தருவீங்களா?" என்று ஒரு பெரியவர் வந்து நின்றார். தங்கை பேனாவை எடுத்தாள். பெட்டி வந்தது, கால்கள் வந்தன. ஓட்டின் நிழல்கோடுகள் வரும்போது தாளைப் பக்கவாட்டில் திருப்பிக்கொண்டாள்.

"அது ஏம்மா, ஓட்டுக்கு மட்டும் திருப்பறே?"

"இந்தச் சாய்வு நேரா வச்சா என் கைக்கு வராது சார்."

எதிரே ஈர்க்குச்சியும் யாருக்கோ வரைந்துகொண்டிருந்தாள். கல்லூரியில் போலவே இடது கையால், தாளை அசைக்காமல், அரட்டை அடித்தபடியே. அந்த வேகத்தைப் பார்க்கப் பார்க்கத் தங்கையின் பேனா இன்னும் மெதுவாக நகர்ந்தது.

கூட்டம் சற்றுக் குறைந்ததும் ஈர்க்குச்சியே எழுந்து வந்தாள்.

"எப்படி இருக்கே?" என்று கேட்டுவிட்டு, பஸ்ஸை விட்ட ஆமையைக் கையில் எடுத்து வெகுநேரம் பார்த்தாள். "ஓடு அப்படியே கச்சிதமா வந்திருக்கு. கை ரொம்ப வலிச்சிருக்குமே?"

தங்கை குனிந்து உறைகளை மறுபடி அடுக்கத் தொடங்கினாள். ஈர்க்குச்சி பிரிண்டை எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டுப் போய்விட்டாள்.

"நக்கலைப் பாரு! வந்து வேவு பார்த்துட்டுப் போறா. நீ ஊமையாட்டம் உக்காந்திரு, நான் பாத்துக்கறேன்." அக்கா விடுவிடுவென்று நடந்தாள். திரும்பும்போது சந்தை அமைப்பாளரையும் கூட்டிக்கொண்டு வந்தாள்.

அவர் இரண்டு மேசைகளையும் மாறி மாறிப் பார்த்தார். "காப்பி அடிச்சது நிச்சயம்னா மேசையை இப்பவே எடுத்துடுவோம். இனிமே இந்தப் பக்கமே வர முடியாது. ஆனா வாய்ப்பேச்சு பத்தாதும்மா, ஆதாரம் வேணும்."

"இருக்கு சார்!" அக்காவின் முகம் மலர்ந்தது. "வீட்டுல பூட்டின டிராயர்ல ஒரு நோட்டு வச்சிருக்கா. ஒருதரம் எட்டிப் பார்த்தேன், பக்கத்துக்குப் பக்கம் ஆமை, கீழே தேதி. எல்லாம் காலேஜ் நாள்ல போட்டது. கூடப் பொறந்தவ, என்னையே தொட விடமாட்டா சார்!"

"அப்ப கொண்டு வாங்க. விஷயம் முடிஞ்சுது."

அக்கா கையை நீட்டினாள். "சாவியைக் குடுடி. வண்டியில போயிட்டு அரை மணியில வந்துடறேன்."

சாவி கைப்பைக்குள் இருந்தது. தங்கையின் விரல்கள் அதைப் பற்றிக்கொண்டன. அந்த நோட்டில் தேதி உண்டு, பெயர் எங்கும் கிடையாது. எடுத்துக் காட்டினால் போதும். எதிர் மேசை காலியாகிவிடும், ஆமைக்கு இவள் ஒருத்திதான் என்றாகிவிடும். அந்தச் சிரிப்பும் நின்றுவிடும்.

எதிரே மறுபடி யாரோ சிரித்தார்கள். இந்த முறை இரண்டு மூன்று பேராக.

தங்கை சாவியைப் பைக்குள்ளேயே விட்டு ஜிப்பை இழுத்து மூடினாள்.

"என்னடி யோசனை? சார் காத்துக்கிட்டிருக்காரு, குடு!"

"வேணாம்க்கா. அந்த நோட்டும் அவளோடதுதான்."