கண்ணாடிமேல் மழைக்காலம்

பள்ளிக்கூடத்துப் பேச்சுப் பயிற்சி அறையில் பசைப் புட்டிக்குத் தலைகால் புரியவில்லை. மழைக்காலம் வரப்போகிறதாம்! சுவரெல்லாம் காகிதக் குடைகளை ஒட்டித் தீர்த்துவிட்டு, மிஞ்சிய பஞ்சு மேகங்களைக் கண்ணாடியின் முகத்திலேயே அப்பியது.

“அடேய், பிள்ளைங்க வாயசைவைப் பார்த்துப் பேசிப் பழகுற இடம்டா இது!” என்று கண்ணாடி பதறியது.

“சும்மா இருங்கக்கா. அறை களைகட்டினா பேச்சு தானா வரும்.”

அந்த அறையில் இதுவரை வாயே திறக்காத மகிழினி வந்தாள். கண்ணாடியில் தன் முகத்தைத் தேடினாள், மேகம்தான் தெரிந்தது. ஒவ்வொன்றாகப் பிய்த்துப் போட்டாள். கடைசி மேகமும் விழுந்ததும், தன் உதடுகளையே பார்த்தபடி, “மழை... விட்டுடுச்சு” என்றாள்.

கண்ணாடி சிலிர்த்துப்போனது.

“பார்த்தீங்களாக்கா, எல்லாம் என் மேகத்தோட மகிமை!” என்றது பசைப் புட்டி. “பொங்கலுக்குக் கரும்புத் தோட்டமே ஒட்டிடறேன். மூஞ்சியைக் காட்டுங்க.”