இடப்பக்கத்து அளவு

என் மனைவி ஆக்னஸ் ஸ்கேலை என் மூக்கின் மேல் வைத்து அழுத்தினாள்.

"ஆடாதீய. நீங்க ஆடினா நம்பரும் ஆடும்."

நான் ஆடவில்லை. மூச்சுகூட விடவில்லை. ஒரு மணி நேரமாவது விடாமல் இருந்திருப்பேன்.

ஆன்லைனில் மூக்குக் கண்ணாடி வாங்குவது லேசுப்பட்ட காரியமில்லை. இரண்டு கருமணிக்கும் நடுவே எத்தனை மில்லிமீட்டர் என்று கேட்கிறான். அது தப்பினால் லென்ஸின் மையம் ஓரிடத்தில், கண் ஓரிடத்தில்; தலை சுற்றும். மூக்கின் நடுவிலிருந்து ஒவ்வொரு கண்ணையும் தனித்தனியாக அளந்தால் இன்னும் நல்லது என்று படம் வேறு போட்டிருந்தான். ஒருவர் ஸ்கேலோடு எதிரே நிற்க வேண்டும். நாம் ஒரு கண்ணை மூடி, மறு கண்ணால் அவரையே பார்க்க வேண்டும்.

மற்ற கட்டங்களையெல்லாம் காலையிலேயே நான் வென்றுவிட்டேன்.

முதல் கட்டம், பவர். மைனஸ் போட வேண்டிய இடத்தில் பிளஸ் போட்டால் மாதா கோயில் கோபுரம் மூக்கில் வந்து இடிக்கும். அடுத்தது சிலிண்டர், கண்ணின் கோணல். அதற்கடுத்தது ஆக்சிஸ், அந்தக் கோணல் எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்பது. எனக்குத் தொண்ணூறு. கப்பல் காம்பஸில் தொண்ணூறு என்றால் நேர் கிழக்கு.

என் கண் இலங்கையைப் பார்த்துக்கொண்டிருக்கிறது என்று ஆக்னஸிடம் சொன்னேன்.

"இலங்கைய அப்புறம் பாக்கட்டும். மொதல்ல மார்க்கெட்ல நல்ல மீன் எது, நாறின மீன் எதுன்னு பாக்கட்டும்."

லென்ஸில்தான் எத்தனை ரகம்! கோடு போட்டது, கோடில்லாதது, வெயிலில் கறுப்பது, மெல்லிசு, அதைவிட மெல்லிசு. கடைசி ரகத்தை வாங்கினால் முகத்தில் கண்ணாடி இருக்கிறதா என்று போலீஸ் நாயை வைத்துத்தான் தேட வேண்டும். நான் கோடில்லாததைத் தேர்ந்தெடுத்தேன். தூரம், நடு, பக்கம், மூன்றும் ஒரே கண்ணாடிக்குள். ஒரே கப்பலில் மூன்று தளம்.

இதையெல்லாம் கடைக்கு ஸ்கூட்டரில் போய் ஒரு நிமிடத்தில் முடித்திருக்கலாம். ஆனால் ஆக்னஸும் வருவாள்.

முன்பெல்லாம் என் வண்டியில் ஏறச் சொன்னால், நடந்தே வந்துவிடுகிறேன் என்பாள். இப்போது ஒரு தேங்காய் வாங்கப் போனாலும் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு பின்னால் ஏறிவிடுகிறாள். ஏறினால் வாய் மூடாது. ஆடு நிக்கு. லாரி வாரான். பள்ளம். ரேடியோகூட நடுவில் ஒரு பாட்டுப் போடும். இவள் போட மாட்டாள்.

கடையில் அவள் முன்னாலேயே கண்ணைச் சோதிப்பார்கள். அங்கேதான் சிக்கல்.

என் இடது கண் போன வருஷம் என்னிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் விருப்ப ஓய்வு வாங்கிவிட்டது. பென்ஷன்கூடக் கேட்கவில்லை. டாக்டர் அதற்குப் பவர் எழுதவில்லை. வலது லென்ஸின் கனத்துக்கு ஏற்ப ஒன்றை அந்தப் பக்கமும் போட்டுக்கொள்ளுங்கள், பார்க்க நன்றாக இருக்கும் என்றார்.

இது அவருக்கும் எனக்கும் மட்டுமே தெரியும். ஆக்னஸுக்குத் தெரிந்தால் அன்றைக்கே ஸ்கூட்டர் சாவி அரிசிப் பானைக்குள் போய்விடும். ஸ்கூட்டர் இல்லாவிட்டால் நான் கரையில் கவிழ்த்துப் போட்ட தோணி.

இடது கட்டத்தைக் காலியாக விட்டால் சந்தேகம் வரும். விடுவேனா? துறைமுகத்தில் நான் பார்த்த வேலையே, கப்பலின் இரண்டு பக்கமும் எழுதியிருக்கும் எண்களைப் படித்து, அது எவ்வளவு ஆழம் முங்கியிருக்கிறது என்று சொல்வதுதான். கடல் பக்கம் அலை அடித்து எண் தெரியாவிட்டால், தெரிகிற பக்கத்து எண்ணையே அதற்கும் எழுதிவிடுவேன். ஒரு கப்பலும் முழுகியதில்லை. இந்தக் கதையை ஆக்னஸ் லட்சம் தடவை கேட்டிருக்கிறாள். குறைத்துத்தான் சொல்கிறேன்.

இடது கட்டத்திலும் வலது கண்ணின் பவரையே போட்டுவிட்டேன்.

மிச்சமிருந்தது இந்த ஸ்கேல் மட்டும்.

"வலது முப்பத்தொண்ணு" என்றாள் ஆக்னஸ். "இனி வலது கண்ண மூடிக்கிட்டு, இடது கண்ணால என்னையப் பாருங்க."

மூடினேன்.

தூத்துக்குடி முழுக்கக் கரண்ட் போனது.

அசரவில்லை. அவள் முகம் இருந்த திசையில் இடது கண்ணை அகலத் திறந்து வைத்தேன்.

"ஏளா, பாத்துக்கிட்டுத்தான இருக்கேன். கல்யாணத்தன்னிக்கு இருந்த மாதிரியே இருக்க. சிரிக்குத வேற."



நானும் கொஞ்சம் சிரித்து வைத்தேன்.

மூக்கின் மேல் ஸ்கேல் அழுத்தவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

வாசல் பக்கமிருந்து அவள் குரல் வந்தது.

"இடதுக்கும் அதே முப்பத்தொண்ணுன்னு போட்டுட்டேன். அலை அடிக்குற பக்கத்த எதுக்குப் பாக்கணும்? எந்திச்சு வாங்க, மீன் முடிஞ்சிரும்."

வலது கண்ணைத் திறந்தேன். எதிரே யாருமில்லை. ஸ்கேல் மேசையில் கிடந்தது. ஆக்னஸ் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு, ஸ்கூட்டர் பக்கத்தில் சாவியை நீட்டியபடி நின்றாள்.

மார்க்கெட் போய்ச் சேரும்வரை அவள் வாய் ஓயவில்லை. ஆடு, லாரி, பள்ளம், சைக்கிளில் ஒரு பிள்ளை.

அன்றைக்குத்தான் முதன்முதலாகக் காதுகொடுத்துக் கேட்டேன்.

வலப்பக்கம் வந்த எதைப் பற்றியும் அவள் சொல்லவே இல்லை.