எறும்பு ஜோடியின் கடைசித் தவணை

“இந்த மாசம் கட்டலை சார். கொஞ்ச நாள் போகட்டும்.”

கடன் பிரிவு அதிகாரிக்குத் தன் காதில்தான் ஏதோ கோளாறு என்று பட்டது. எதிரே உட்கார்ந்திருந்த லிஃப்ட் மெக்கானிக்கையும் கணினித் திரையையும் மாறி மாறிப் பார்த்தார். இருபது வருட வீட்டுக் கடன். ஐந்தாவது வருடமே ஒரே ஒரு தவணையில் வந்து நிற்கிறது.

“பணம் பத்தலையா?”

“இருக்கு சார். பையிலதான் இருக்கு.”

“அப்புறம் என்ன? கட்டிட்டீங்கன்னா வீட்டுப் பத்திரத்தை வாங்கிட்டு நிம்மதியாப் போயிடலாம்.”

மெக்கானிக் மேஜை மேலிருந்த பேனா மூடியைத் திருகிக்கொண்டிருந்தார்.

அந்த வங்கியில் இவருக்கும் இவர் மனைவிக்கும் ‘எறும்பு ஜோடி’ என்று பெயர். மூன்று வருடங்களாக மாதம் தவறாமல் தவணைக்கு மேலேயே ஒரு தொகையைக் கொண்டுவந்து அசலில் கழிப்பார்கள். எப்படி மிச்சம் பிடித்தீர்கள் என்று கேட்டால் போதும், கதை கதையாகச் சொல்வார்கள். இரண்டு பைக்கில் ஒன்றை விற்றுவிட்டு ஒரே வண்டியில் வேலைக்குப் போய் வருகிறார்களாம். டிவி, இன்டர்நெட் எல்லாம் கட்; பொழுது போகாமல் சாயங்காலம் சீட்டாடுகிறார்களாம். ஹோட்டல் இருக்கும் திசையில் தலைவைத்துக்கூடப் படுப்பதில்லை. இவருக்கு முடி வெட்டுவதும் அந்த அம்மாள்தான். ஆரம்பத்தில் எலி கடித்த மாதிரி இருந்த தலை இப்போது எவ்வளவோ தேவலை.

போன வருடம் கரண்ட் பில் பாதியாகிவிட்டது என்றார்கள். “ரெண்டு ரூம்லயும் ஏசி ஓடிட்டிருந்துச்சு சார். ஒரே ரூம்னு ஆக்கிட்டோம்” என்று மெக்கானிக் சொன்னபோது அந்த அம்மாள் ஏனோ தலையைக் குனிந்துகொண்டார்.

அதிகாரிக்கு இவர்கள் மேல் தனிப் பிரியம். வீட்டில் இவர்களை உதாரணம் காட்டிப் பேசி, மனைவியிடம் வாங்கிக் கட்டிக்கொண்டதும் உண்டு.

“வேலைக்கு ஏதும் ஆபத்தா?”

“இல்ல சார்.”

“உடம்புக்கு?”

“நல்லாத்தான் இருக்கேன். ஒரு ஆறு மாசம் இழுக்க முடியுமா? அபராத வட்டி எவ்வளவு வந்தாலும் பரவாயில்ல.”

போன மாதம் பாஸ்புக் அச்சடிக்கும் கட்டணத்துக்காக அரை மணி நேரம் வாதாடிய மனிதர் பேசுகிற பேச்சா இது? அதிகாரிக்கு ஒன்றும் புரியவில்லை.

“இன்னொண்ணு சார். என் வீட்டுல இது தெரிய வேண்டாம். கேட்டா கம்ப்யூட்டர் ரிப்பேர்னு சொல்லிடுங்க.”

“முதல்ல உள்ள போய்க் கொஞ்சம் தண்ணி குடிச்சுட்டு வாங்க. அப்புறம் பேசலாம்.”

அவர் எழுந்து உள்பக்கம் போனார். அந்த நாற்காலியின் சூடு ஆறுவதற்குள் அவர் மனைவி வந்து அதில் உட்கார்ந்தார். பல் ஆஸ்பத்திரியில் வரவேற்பாளர். சீருடைப் புடவையோடு பாதி வேலையில் ஓடி வந்திருப்பது தெரிந்தது.

“சார், அவருக்குத் தெரியாம வந்திருக்கேன். அதே வீட்டு மேல இன்னொரு கடன் கிடைக்குமா?”

“இன்னொரு கடனா? எதுக்கும்மா?”

அவர் யோசித்தார். “சமையலறைக் குழாய் ஒழுகுது சார்.”

“அதுக்கு ஒரு வாஷர் போதுமேம்மா. வீட்டுக்காரரே மெக்கானிக் வேற.”

“பெரிய தொகையா வேணும் சார். நின்னு நிதானமா அடைக்கற மாதிரி.”

அதிகாரிக்குத் தலை கிறுகிறுத்தது. சூதாட்டமா? யாராவது மிரட்டுகிறார்களா? வாய்விட்டே கேட்டுவிட்டார். அதெல்லாம் ஒன்றுமில்லை என்றார் அந்த அம்மாள்.

“ரெண்டு பேர் பேர்லயும் இருக்கற வீடும்மா. அவர் கையெழுத்து இல்லாம ஒண்ணும் நடக்காது.”

“அவர் போட மாட்டார் சார். எப்படா கடன் முடியும்னு நாள் எண்ணிட்டிருக்கார். மாசம் மாசம் காலண்டர்ல வட்டம் போடறார்.”

“அது சிலிண்டர் மாத்தற தேதி.”

குரல் பின்னாலிருந்து வந்தது. மெக்கானிக் கையில் தண்ணீர் டம்ளரோடு நின்றுகொண்டிருந்தார். அந்த அம்மாள் திடுக்கிட்டுத் திரும்பினார்.

“நீங்க இங்கதான் இருக்கீங்களா? கட்டியாச்சா?”

“இல்ல. கட்டலை.”

“ஏன்?”

“நீ ஏன் புதுசாக் கடன் கேக்கறே?”

இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டே இருந்தார்கள். அதிகாரியின் பொறுமை அத்தோடு போயிற்று.

“எனக்குப் பைத்தியம் பிடிச்சிடும் போலிருக்கு. இவருக்குக் கட்ட மனசில்ல, உங்களுக்குப் புதுசா வேற வேணும். அப்ப எதுக்கு மூணு வருஷமா வாயைக் கட்டி வயித்தைக் கட்டி இதை அடைச்சீங்க?”

அந்த அம்மாள் புடவைத் தலைப்பை விரலில் சுற்றிக்கொண்டே மெல்லிய குரலில் சொன்னார்.

“கடனை முடிச்சு, வீட்டை வித்துப் பங்கு பிரிச்சாத்தான் விவாகரத்துப் பேப்பர்ல கையெழுத்துப் போடலாம்னு வக்கீல் சொல்லிட்டார் சார். சீக்கிரம் பிரிஞ்சிடலாம்னுதான் அப்படி மிச்சம் பிடிச்சோம்.”

மெக்கானிக் இன்னொரு நாற்காலியை மனைவிக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். “அந்தப் புதுக் கடன் சார்... அதிகபட்சம் எத்தனை வருஷத்துக்குத் தருவீங்க?”